இன்னொரு கரண்டி

குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சமையல்காரர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். பிறகு அப்படியே நின்றார். இன்னொரு சொட்டு விட்டு நக்கினார். மூன்றாம் முறை, அரைக் கரண்டியை நேராக வாயில் ஊற்றிக்கொண்டார். வெந்நீருக்கும் அந்தக் குழம்புக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முந்தின நாள் தொண்டை கரகரத்தது. அதற்காகப் பாலைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தார். நாக்கு வெந்துவிட்டது. வெந்த நாக்கு இரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால், இன்னும் இருபது நிமிடத்தில் முப்பத்தாறு பேர் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அது ஓர் அயல்நாட்டு விடுதியின் சமையலறை. அதில் ஒரு மூலை மட்டும் அவருக்கு. சுற்றுலா நிறுவனம் ஒன்று, எந்த நாட்டுக்குப் போனாலும் வீட்டுச் சாப்பாடு என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்திருந்தது. அந்த வீட்டுச் சாப்பாடு என்பது இவர்தான். இவருடைய அண்டாக்களும் கரண்டிகளும் பேருந்தின் அடிவயிற்றில் பயணம் செய்தன. ஊருக்கு ஊர் ஏதேனும் ஒரு விடுதி இவருக்கு ஓர் அடுப்பை ஒதுக்கியது. பன்னிரண்டு நாள் பயணத்தில் இது நான்காம் நாள்.

நிறுவனத்தின் விதி எளிமையானது: எழுத்து மூலம் ஒரு புகார் வந்தால், சமையல்காரர் அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டும். இவருக்கு முன்பு இருந்தவர் குழம்பில் கிடந்த ஒரு தலைமுடிக்காகத் திரும்பியவர். அவருக்கு முழு வழுக்கை என்பதை யாரும் கருத்தில் கொள்ளவில்லை.

ஊர் திரும்புவது என்றால் மனைவியிடம் திரும்புவது. இவர் நடத்திய இரண்டு உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய பிறகு, மனைவியின் தம்பி முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை இது. அந்த மைத்துனர்தான் இந்தப் பயணத்தின் மேலாளரும். வழியனுப்பும்போது மனைவி அழவில்லை. "என் தம்பி மானத்தக் கப்பலேத்திட்டு மட்டும் வந்து நிக்காதீங்க" என்று சொன்னார், அவ்வளவுதான்.

மைத்துனர் சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"ஆச்சா மாமா?"

"ஆச்சு மாப்ள."

"என்ன, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"அடுப்புச் சூடு."

"அது கரண்ட் அடுப்பு மாமா. சூடே வெளிய வராது."

சமையல்காரர் உப்பு டப்பாவுக்குள் கைவிட்டார். முப்பது வருடம் உப்பை அள்ளிய கை. நாக்கு இல்லாவிட்டால் என்ன, கைக்குத் தெரியாதா என்று நம்பினார். கைக்குத் தெரிந்தது கல்லுப்பு. இந்த ஊர் உப்போ மாவுபோலப் பொடியானது. ஒரு பிடியில் இரண்டு பிடிக்கான உப்பு அடங்கும். இது அவருக்கு மறுநாள்தான் உறைத்தது.

அன்று பந்தியில் பலர் தண்ணீர் கேட்டார்கள். இரண்டு பேர் மோர் கேட்டார்கள். பேருந்து ஓட்டுநர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நெடுநேரம் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்து நாடுகளில் இருபது வருடமாக வண்டி ஓட்டும் நம்மவர், நாலு பாஷை தெரிந்தவர், கண்ணாடித் தடுப்புக்குள் தனியே, சன்னலைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பவர், அதிகம் பேசாதவர்.

மறுநாள் அவர், "எனக்கு ரொட்டி போதும்ணே" என்றார்.

"ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

"ரொட்டி பழகிப்போச்சுண்ணே." அவர் சமையல்காரரின் முகத்தைப் பார்க்காமலே அதைச் சொன்னார்.

இரண்டு நாள் கழிந்தும் நாக்கு ஆறவில்லை. சமையல்காரர் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம். ஒரு சமையக்காரனுக்கு, வேற ஒருத்தனுக்குத்தான், நாக்குல ருசி போயிடுச்சுன்னா என்ன பண்ணுவான்?"

"எத்தன நாளாச்சு உங்களுக்கு?"

"...மூணு."

"தம்பிகிட்டச் சொல்லித் தொலைக்காதீங்க. பாவம், அவன் வேலையும் போயிரும். நாக்குதானே போச்சு, கண்ணு இருக்கில்ல? சாப்பிடுறவங்க மொகத்தப் பாருங்க. மொகம் பொய் சொல்லாது."

அன்று முதல் அவர் முகங்களைப் பார்த்தார். பார்த்திருக்கவே வேண்டாம். பேருந்தில் பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்கள். பந்தியில் கண்கள் கலங்கியிருந்தன. அவர் வாளியோடு அருகில் போனதும் பேச்சு நின்றது, நகர்ந்ததும் தொடர்ந்தது. சாப்பாட்டின் வாடையைச் சகிக்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்துக்கு அவர் மூன்று வேளையும் பரிமாறினார்.

இனி ஒருவருடைய நாக்கைக் கடன் வாங்குவதே வழி என்று முடிவு செய்தார். முன்வரிசையில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவரைச் சமையலறை வாசலுக்கு அழைத்தார்.

"அக்கா, இதுல ஒரு சொட்டுப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இன்னைக்கு விரதம்."

"எந்தச் சாமிக்குத் தம்பி?"

"எல்லாச் சாமிக்கும்."

அந்த அம்மாள் கரண்டியை வாயில் வைத்தார். விழுங்கினார். இடமும் வலமும் பார்த்தார். மேலே கூரையையும் பார்த்தார். "காரம் இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடலாம்" என்றார் கடைசியில்.

"உப்பு?"

"உப்பும்தான்."

போட்டார். அடுத்த நாளும் அவரையே அழைத்தார். அடுத்த நாளும் அதே விடை. அதற்கு மறுநாளும் அதேதான். மிளகாய்த்தூள் டப்பா பன்னிரண்டு நாளுக்கென்று நிரப்பியது. எட்டாம் நாளே அடி தெரிந்தது. இதற்கிடையில் அவருடைய விரதம் பேருந்து முழுதும் பரவிவிட்டது. யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. எல்லாரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, அறைக்குப் போய் ஓட்டுநரிடம் வாங்கிய ரொட்டியைத் தின்றார். அதிலும் ருசி தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட அவரை நடுங்க வைத்தவர் ஓய்வுபெற்ற கோர்ட்டுக் குமாஸ்தா. அவர் தட்டை மூக்குக்கு நேராக உயர்த்தி, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல நெடுநேரம் பிடித்திருப்பார். பிறகு ஒரு வாய். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்துத் தேதி போட்டு ஒரு வரி எழுதுவார்.

"சார், ஏதாவது கொறையா?" என்று சமையல்காரர் கேட்டார்.

"கொறைன்னு யார் சொன்னா? இன்னொரு கரண்டி விடுங்க."

"இப்பத்தான சார் விட்டேன்?"

"ஒரு கரண்டிய வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது."

சமையல்காரர் விட்டார்.

எட்டாம் நாள் காலை, விடுதியின் வரவேற்பில் மைத்துனருக்கு ஒரு தாள் வந்திருந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் வெளுத்தது. எல்லாரையும் உணவுக்கூடத்துக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குடத்தோடு வந்த சமையல்காரர் கதவருகே நின்றுவிட்டார்.

"எல்ல தாண்டுற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது," மைத்துனரின் குரல் கேட்டது. "முக்கியமா மாமா காதுல விழக் கூடாது. அவரு வாய்ல எதுவும் நிக்காது. பயத்துல ஒளறிருவாரு."

"பாவம், விரதத்துல வேற இருக்காரு" என்றது தையற்கடை அம்மாளின் குரல்.

கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே சமையல்காரர் பார்த்தார். ஒரு கட்டுத் தாள் கைமாறிக்கொண்டிருந்தது. கோர்ட்டுக் குமாஸ்தா தம் தாளை இரண்டு முறை படித்து, கையெழுத்திட்டு, தேதியும் போட்டார். மற்றவர்கள் படிக்காமலே போட்டார்கள். முப்பத்தாறு பேர், முப்பத்தாறு புகார்கள். முந்தையவருக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

அன்று அவர் சமையலில் தம் உயிரையே போட்டார். மிளகாய்த்தூள் டப்பாவில் மிச்சமிருந்ததையும் போட்டார். அதன் பிறகு மிளகாய் வற்றலை அள்ளி அரைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மைத்துனர் வந்தார். கையில் ஒரு தாள், அயல்மொழியில் அச்சடித்தது.

"மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்ன மாப்ள இது?"

"ஒண்ணுமில்ல. படிக்க வேண்டாம்."

"படிச்சாலும் புரியாதே."

"அப்பறம் என்ன? போடுங்க."

ராஜினாமாக் கடிதம் எந்த மொழியில் இருந்தாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும் போலிருந்தது. சமையல்காரர் பேனாவை வாங்கினார். பெயரின் கடைசி எழுத்து தாளை விட்டு இறங்கி மேசையில் முடிந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா மாப்ள?"

"அக்காவுக்கு எதுக்கு? எல்ல தாண்டட்டும், நானே சொல்லிக்கிறேன்."

பத்தாம் நாள் மதியம் பேருந்து எல்லைச் சாவடியில் நின்றது. சாவடியை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை, சன்னல்களில் கம்பிவலை, வலைக்குப் பின்னால் கிண்ணங்களோடு சில முகங்கள், எதற்கும் அவசரமில்லாத முகங்கள். வரிசை நகரும்வரை சாப்பிட்டுவிடலாம் என்று மரத்தடியில் மடக்கு மேசைகளைப் போட்டார்கள். சமையல்காரர் காலையில் செய்து அடைத்துவந்த சோற்றையும் குழம்பையும் இறக்கினார். இதுவே தம் கடைசிப் பந்தி என்று நினைத்ததால் எல்லாருக்கும் தாராளமாகவே பரிமாறினார்.

ஓட்டுநர் கையில் தாள்கட்டு இருந்தது. அதிகாரியிடம் கொடுக்கும் வேலை, மொழி தெரிந்த அவருடையது. சமையல்காரருக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, என்னப் பத்தி அதுல என்னதான் எழுதியிருக்காங்க? மறைக்காமச் சொல்லு. நான் தாங்கிக்கிறேன்."

"உங்களப் பத்தியா?" ஓட்டுநர் மேலே இருந்த தாளைப் பார்த்தார். "எனக்குச் சளி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒடம்பு நல்லா இருக்குன்னு ஆளாளுக்கு எழுதிக் குடுத்திருக்காங்கண்ணே. உங்களோடதும் இருக்கு, கோணலா. இந்த நாட்டுல இப்ப அது கட்டாயம். ஒருத்தருக்குச் சளின்னாலும் மொத்த பஸ்ஸையும் பத்து நாளைக்கு அந்தக் கொட்டகையில போட்டுருவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சாப்பாட்டப் பத்தி ஒரு வரிகூட இல்லையா?"

"இல்லண்ணே." ஓட்டுநர் தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு சாவடிக்குள் போனார்.

சமையல்காரர் வாளியைக் கீழே வைத்தார். புகார் இல்லை. ராஜினாமா இல்லை. பந்தியைத் திரும்பிப் பார்த்தார். தையற்கடை அம்மாள் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் வாளியைக் கேட்டார்கள். அப்படியானால், அவர்கள் இன்னொரு கரண்டி கேட்டதெல்லாம் உண்மையாகவே பிடித்துப்போய்க் கேட்டதுதான். நாக்கே இல்லாமல் இத்தனை நாளும் சமைத்து, முப்பத்தாறு பேரை இரண்டாம் முறை கேட்க வைத்திருக்கிறார். கை என்றால் அதுதான் கை.

அதிகாரி முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியுமாக வெளியே வந்து, மேசை ஓரத்தில் உட்கார்ந்து, தாள்களில் ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினார். மைத்துனர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே ஒரு மனிதர் வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பதை எந்தச் சமையல்காரராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இவர் ஒரு தட்டில் சோற்றை வைத்து, நிறையக் குழம்பை விட்டு, ஒரு கரண்டியும் செருகி, அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"ஒரு வாய் சாப்பிடச் சொல்லு தம்பி."

ஓட்டுநர் முதன்முறையாகப் பதறினார். "அண்ணே, அவருக்கு வேண்டாமே."

"பசியோட உக்காந்திருக்காருப்பா."

"சொன்னாக் கேளுங்கண்ணே. தட்ட எடுத்துருங்க."

"எடுக்கிறதாவது. சாப்பிடட்டும் மாமா," என்றார் மைத்துனர். இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி. "நல்ல சகுனம்."

அதிகாரி புன்னகை செய்து, முப்பத்தெட்டாவது தாளை இடக்கையில் பிடித்தபடியே, வலக்கையால் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார்.

முதலில் புன்னகை போனது. பிறகு நிறம். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை ஒரே மூச்சில் காலி செய்து, பக்கத்திலிருந்தவரின் புட்டியையும் எடுத்துக்கொண்டார். மறுகை, கழுத்தில் தொங்கிய ஊதலைத் தேடியது. ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார், குரல் வரவில்லை, மறுபடியும் கேட்டார்.

"வெஷமான்னு கேக்குறாரு" என்றார் ஓட்டுநர்.

"ஐயோ, இல்ல சாமி." சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வெஷமெல்லாம் இல்ல. ஏழு நாளா எனக்கு நாக்குச் செத்துப்போச்சு. உப்புத் தெரியல, காரம் தெரியல, வாசன தெரியல. சொன்னா வேல போயிரும்னு மறச்சுட்டேன்."

"மாமா, வாய மூடுங்க," என்றார் மைத்துனர் மெல்ல.

"மாப்ளமேல தப்பே இல்ல. எல்லாம் என் நாக்குதான். சொல்லு தம்பி, அப்படியே சொல்லு."

ஓட்டுநர் மைத்துனரைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், அப்படியே சொன்னார்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஊதலைத் தேடிய கை கீழே இறங்கியது. அவர் சமையல்காரரை இரக்கத்தோடு பார்த்தார். அப்படியே பார்வையைப் பந்தியின் பக்கம் திருப்பினார். அங்கே யாரும் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கவில்லை. கோர்ட்டுக் குமாஸ்தா தட்டை மூக்கருகே உயர்த்திப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுதி, தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி விடுங்க தம்பி."

அதிகாரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். முத்திரை குத்திய முப்பத்தேழையும் எடுத்து அதன்மேல் அடுக்கினார். மைப்பெட்டியை மூடிவிட்டு, ஓட்டுநரிடம் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

ஓட்டுநர் தகரக் கொட்டகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு, சரி, இத ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுற இந்த முப்பத்தாறு பேருக்கும் என்னன்னு கேக்குறாருண்ணே."