குருபோங்கின் ஆவி வரைபடம்

மலாக்காவின் குருபோங்கில் இப்போது மனிதர்களைவிட ஆவிகளுக்குத்தான் மவுசு. ஆவியறிஞர் அந்தரமூர்த்தி அடிகள் வந்து இறங்கியதும், நோயே இல்லாதவனெல்லாம் எம்சி என்னும் நோய்விடுப்புச் சீட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

மண்டபச் சுவரில் அடிகள் மாட்டிய பெரிய மலாக்கா வரைபடம். ஆவி உலவும் வீடுகளுக்குச் சிவப்புப் பொட்டு. மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் டுரியான் துங்காலில் பொட்டு வைக்கவே இடமில்லை. தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் பழைய லய வீடுகளில் ஒன்றுகூட இல்லை. படித்த ஊரில்தான் பேய்களுக்கு நெரிசலாம்! ஏனென்று கேட்க ஒரு நாக்கும் எழவில்லை.

கமலவேணியும் கேட்கவில்லை. நேற்று அவள் வாசலில் நின்ற அடிகள், பட்டுத்துணி மூடிய ஞானத்தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "காளிமுத்து... இங்கதான் சுத்துறாரும்மா" என்றார். அவளுக்கு உயிரே போய்விட்டது. செத்துப்போன புருஷன் பெயர் ஊருக்குப் புதியவருக்கு எப்படித் தெரியும்? ஆவி தாலிச் சங்கிலியில் சிக்கியிருக்கிறதாம். அதைக் கோலா சுங்கை பாரு கடலில் அவரே போட்டுவிடுவாராம். என்ன கருணை!

இன்று சங்கிலிக்கு வந்துவிட்டார், பின்னால் ஊரே திரண்டு நின்றது. தாலியைக் கழற்றிய பிறகும் அவள் விடாமல் போட்டிருந்த சங்கிலி; காளிமுத்து கட்டியதில் மிச்சம் அது ஒன்றுதான். கமலவேணி அழுதுகொண்டே கழுத்தில் கைவைத்தாள்.

"அக்கா, பொறுங்க லா!" பக்கத்து வீட்டு ரஷீதா வந்தாள். கைப்பேசிக் கடை வைத்திருப்பவள். "ஐயா, என் வீட்டையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அடிகள் அவள் வாசலுக்குப் போய்த் துணிக்குள் பார்த்தார். உடம்பு உதறியது.

"மீனம்மா! வயசான பொம்பள. பசியோட அழுவுறா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மீனம்மா, வாடி இங்க" என்று ரஷீதா உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். கொழுத்த வெள்ளைப் பூனை ஒன்று சோம்பல் முறித்தபடி வந்து அடிகளின் காலில் உரசியது.

"நல்லாத்தான் சாப்புடுது. காலையிலதான் என் வைஃபைக்கு இவ பேர மாத்தி வெச்சேன். அக்கா, உங்க வைஃபைக்கு அண்ணன் பேர நான்தானே போட்டுக் குடுத்தேன்? மறந்துட்டீங்களா?"

கமலவேணி பட்டுத்துணியைப் பிடுங்கினாள். ஞானத்தட்டு கைப்பேசியாக இளித்தது. திரையில் தெருவின் வைஃபை பெயர்கள் வரிசையாக நின்றன. லாரிக்கும் கடைக்கும் செத்த அப்பன் பெயரை வைக்கிற நம் ஜனம், வைஃபையை மட்டும் விட்டுவைக்குமா?

"பாவி! என் புருஷன வெச்சா பொழைக்கிற?"

அடிகள் ஒரு செருப்பை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினார்.

வரைபடம் இன்னும் மண்டபத்தில்தான் தொங்குகிறது. மலாக்காவில் எந்தெந்த வீட்டுக்கு வைஃபை வந்துவிட்டது என்று அத்தனை சுத்தமாகக் காட்டுகிறது. உலகத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. துணிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் ஒரு பூனை வர வேண்டியிருந்தது!