தூக்கு அண்ணாச்சியின் டீ

ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பிளாஸ்டிக்கைக் கண்டு பயந்த ஒரே மனிதர் தூக்கு அண்ணாச்சிதான். அவர் வேலையே பிளாஸ்டிக் அரைப்பது. கார் பம்பர் செய்யும் கம்பெனியில், ரிஜெக்ட் ஆனவற்றைக் கிரைண்டரில் போட்டுத் தூளாக்குவார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம்கூடக் கறுப்புத் தூளாக இருக்கும்.

வாடகை அறையில் நாங்கள் மூன்று பேர். நான், வியாசர்பாடி குமாரு, அண்ணாச்சி. அறைக்குள் தூள் வரக்கூடாது என்பது அவர் சட்டம். யூனிபாரத்தை வாசலிலேயே பத்து முறை உதறுவார். தரையைப் பெருக்கவிட மாட்டார். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். குமாருவின் பிளாஸ்டிக் குடத்தை வெளியே தள்ளிவிட்டு மண்பானை வாங்கி வைத்தார். சூடான சாம்பாரைக் கவரில் கட்டி வந்தால் அன்று அவர் பட்டினி.

"இன்னா அண்ணாச்சி, எட்டு மணி நேரம் தூள்லயே நின்னுகினு கீற. இங்க வந்து டீ கவருக்குப் பயப்படுறியே?" என்பான் குமாரு.

"அங்கன ஒண்ணும் நம்ம கையில இல்லலே. இங்கன இருக்குல்லா" என்பார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

அந்த இருமல்தான் பயம். வருஷா வருஷம் மெடிக்கல் பார்த்துத்தான் காண்ட்ராக்டை நீட்டுவார்கள். எக்ஸ்ரே சரியில்லை என்றால் கேட்டுக்கு வெளியே. ஊரில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி கொடுத்த ஒரே முகமூடியைத் தினமும் துவைத்துக் காயப்போடுவார். "டீயில உள்ள போறதயாவது தடுப்போம்ல" என்று எவர்சில்வர் தூக்கை என்னிடம் நீட்டுவார்.

டீக்கடையில் செல்போன் கம்பெனிப் பெண்கள் நிற்பார்கள். அவர்கள் முன்னால் தூக்கோடு போக எனக்கு வெட்கம். மாடிப்படிக்கு அடியில் தூக்கை ஒளித்துவைத்துவிட்டு, கவரில் டீ வாங்கி வந்து, அங்கேயே தூக்கில் ஊற்றி எடுத்துப் போவேன்.

"பாத்தியால? கவர் டீக்கு இந்த ருசி வருமா?" என்று கண்ணை மூடிக் குடிப்பார். குமாரு பாத்ரூமுக்குள் போய்ச் சிரிப்பான். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அந்த வருஷ எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் என்றார்கள். அவருக்குக் காண்ட்ராக்ட் நீளவில்லை. பெருங்களத்தூரில் பஸ் ஏற்றிவிடப் போனேன். தூக்கை என் கையில் கொடுத்தார்.

"குமாரு கேலி பண்ணுவான். நீ ஒருத்தன்தாம்ல என் பேச்சக் கேட்ட."

"இருமலப் பாத்துக்குங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு எத்தனையோ கம்பெனி, எத்தனையோ அறை மாறிவிட்டேன். பாய் தொலைந்தது, பெட்டி தொலைந்தது. தூக்கு இருக்கிறது. டீக்கடையில் யார் நின்றாலும் இப்போது அதை நீட்டித்தான் டீ வாங்குகிறேன்.