டோக்கன் அண்ணாச்சி விளித்துப் பார்த்த பெயர்கள்

திருவனந்தபுரத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் பெற்றோர் அல்ல, ஜோசியரும் அல்ல. வலியசாலையில் ஒரு குழந்தை டாக்டரின் வீட்டு வாசலில் டோக்கன் கொடுக்கும் அண்ணாச்சிதான். இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். டாக்டர் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமென்றால் அண்ணாச்சி முதலில் பேச்சை நிறுத்த வேண்டுமே!

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர். சாலை பஜாரில் ஒரு அரிசி மண்டியில் நின்று லாரிக்காரர்களைக் கூவிக் கூவி வளர்த்த தொண்டை. அதை அப்படியே டாக்டர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் அவர் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை அழும், பக்கத்துப் பிள்ளை அழும், எதிர்வீட்டு நாய் எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

டோக்கனில் நம்பர் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கூப்பிடக்கூடாதா என்று ஒரு தாய் கேட்டுவிட்டாள்.

“பச்சப் பிள்ளைய நம்பர் சொல்லி விளிக்க இதென்ன ஜெயிலாக்குமா?” என்றார் அண்ணாச்சி.

பெயர் விஷயத்தில் அவருக்குக் கொள்கைகள் உண்டு. ஒரு நாள் ஆத்விக், ரித்விக், சாத்விக் என்று மூன்று பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். மூவரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. அண்ணாச்சி முதல் பெயரைக் கூப்பிட, மூன்று தகப்பன்மாரும் எழுந்தார்கள். அவர் கையை விரித்து, “ஒண்ணு செய்யுங்க. விக்கு எல்லாரும் ஒண்ணா உள்ள போங்க. டாக்டர் ஆளைப் பாத்துப் பிரிச்செடுத்துக்கிடட்டும்” என்று கதவைத் திறந்துவிட்டார்.

நான் முதன்முதலில் அங்கே போனது என் மகனுக்கு விக்கல் வந்ததற்காக. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸ் வேலை, பிரசவ லீவு, முதல் பிள்ளை. பயப்படுவதற்கு நிறைய நேரம் இருந்தது.

“பேரு?” என்றார்.

“இன்னும் வைக்கல அண்ணாச்சி. இருபத்தெட்டுக்குத்தான் வைக்கணும்.”

பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிக் காதில் பெயர் சொல்வது இந்த ஊர் வழக்கம். எங்கள் தமிழ் வீடுகளும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன.

“அது வரைக்கும் நான் ‘ஏய்’னா விளிக்க? இன்னைக்கு இவன் வேலாயுதம்.”

அடுத்த தடவை தும்மலுக்காகப் போனேன், அன்று பூதலிங்கம். மலம் பச்சையாகப் போனதற்கு மாடசாமி. இரண்டு நாள் தும்மாமல் இருந்ததற்காகப் போனபோது மார்த்தாண்டன். “குஞ்ஞுக்கு ஒண்ணுமில்ல. அம்மைக்குத்தான் மருந்து வேணும்” என்று டாக்டர் சிரித்தார்.

உண்மையில் எனக்கு விக்கலும் தும்மலும் அல்ல கவலை; பெயர்தான். என் கணவர் கணேஷ் ‘விஹான்’ என்று முடிவு செய்திருந்தார். எனக்கோ திடமான, காற்றடித்தால் பறக்காத ஒரு பெயர் வேண்டும். எது என்றால் தெரியாது. காலையில் பிடித்த பெயர் மத்தியானம் மருந்துக் கம்பெனி பெயராகத் தோன்றும். சாயங்காலம், “ஏம்மா எனக்கு இப்படிப் பேர் வச்ச?” என்று முப்பது வயதில் மகன் என்னிடம் கேட்பது போலவே காதில் விழும். சடங்குக்கோ ஒரு வாரம்தான் இருந்தது. அன்று காதில் சொன்னால் சொன்னதுதான்.

அத்தையிடமும் கேட்டேன். கணேஷின் அம்மா. “ஒங்க ரெண்டு பேர் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். மாமா என் கல்யாணத்துக்கு முன்பே காலமானவர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுதான் வழக்கம். ஆனால், “அப்பா பேரெல்லாம் பழசு, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க” என்று கணேஷ் எப்போதோ சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. அத்தை கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். கணேஷுக்கு அவர் அப்பா. அதனால் மாமாவின் பெயர் எங்கள் வீட்டில் கணேஷின் இனிஷியலாக, ஒற்றை இங்கிலீஷ் எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது.

அந்த வாரம் தடுப்பூசி பற்றிக் கேட்க, அத்தை உட்பட எல்லாருமாகப் போனோம். “பேரு ஆச்சா?” என்று அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

“விஹான்” என்றார் கணேஷ், கொஞ்சம் பெருமையாக.

“விளிச்சுப் பாத்தியளா?”

“எதுக்கு?”

“பின்னே? சட்ட வாங்கினா போட்டுப் பாக்கமாட்டியளா?” என்று அண்ணாச்சி வாசல் நடுவே போய் நின்றார். முதலில் பஸ் கண்டக்டர் ஆனார். “விஹான்! கெழக்கேகோட்ட வந்தாச்சு, எறங்கு!” பிறகு டிரில் மாஸ்டர் ஆகி நெஞ்சை நிமிர்த்தினார். “விஹான்! லெப்ட் ரைட்!” உதட்டைப் பிதுக்கினார். “காத்துப் போன பலூன் கேட்டியா. சரி, கெட்டினவ விளிச்சா எப்படி இருக்கும்னும் பாத்துருவோம்.” தோள் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, குரலைக் கீச்சென்று ஏற்றி, “விஹா...ன்! சோறு ஆறுது, வாங்க!” என்றார்.

காத்திருந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

“நல்ல கூத்து! கெட்டினவ பேரைச் சொல்லி விளிப்பாளா?”

“இப்பம் எல்லாரும் விளிக்காளே! ஒங்க மருமவ விளிக்கலியா?”

நான் அவசரமாகக் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

“பின்னே நீங்க எப்படி விளிச்சிய?” என்று அத்தையை விடவில்லை அண்ணாச்சி.

“‘இங்க பாருங்க’ன்னா அவ்வொ திரும்பிப் பாப்பாவ. அது போதும்.”

“அவ்வொ பேரு என்னவாக்கும்?”

அத்தை முந்தானை நுனியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, “சுசீந்திரத்துச் சாமி பேரு” என்றார்.

தாணுமாலயன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி, அரிசி மண்டிக் குரலில் ஒரே விளி.

“தாணூ...!”

அத்தை எழுந்து நின்றுவிட்டார். கை தானாக முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தியது. கண் கேட் பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை. ஒரு ஆட்டோ மட்டும் போயிற்று. அவர் மெதுவாக உட்கார்ந்து, யாரோ அபிப்பிராயம் கேட்டது போல, “தெரு முனை வரைக்கும் கேக்கும்” என்றார்.

விஹானுக்காக ஏதோ சொல்லத் திறந்த வாயைக் கணேஷ் மூடிக்கொண்டார்.

உடனே முடிவு செய்துவிட்டேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அடுக்களையிலிருந்து விளித்துப் பார்த்தேன். குளியலறையிலிருந்து விளித்துப் பார்த்தேன். ‘தாணு, ஹோம்வொர்க் எங்கே?’ பெயர் நின்றது. ‘தாணு சார், கையெழுத்து வேணும்’ இன்னும் நன்றாக நின்றது. பெங்களூரில் ஒரு ஆபீஸில் யாராவது அதைத் தப்பாக உச்சரிப்பார்களே என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கவலைப்பட்டேன். உச்சரிக்கட்டும் என்று தோன்றியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் சடங்குக்கு அழைக்கப் போனால், அண்ணாச்சி கட்சி மாறியிருந்தார்.

“தாணு கொள்ளாம், நல்ல பேருதான் மக்ளே. ஆனா வேலாயுதத்துக்கு ஒரு எடுப்பு உண்டு. இன்னொருக்கா யோசிச்சுப் பாரு.”

“இல்ல அண்ணாச்சி. தாணுதான்.”

மறுயோசனை இல்லாமல் நான் சொன்ன வாக்கியம் எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான். அண்ணாச்சி சண்டைக்குத் தயாராக எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினார்.

சடங்கன்று சலவை வேட்டியும் ஒரு சீப்பு ரசகதலிப் பழமுமாக வந்தார். குழந்தை அத்தையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அரைஞாண் கட்டியாயிற்று. ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் தகப்பன் வழியில் மூத்தவர் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை குனிந்தார். வாயைத் திறந்தார். நிமிர்ந்துவிட்டார்.

“நான் எப்படிச் சொல்ல?”

இதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிற நான்கூட.

“நான் சொல்றேம்மா” என்றார் கணேஷ்.

“நீ ஒங்க அப்பாவப் பேரு சொல்லி விளிப்பியோ? அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க.”

அவர் தொண்டையைக் கனைத்ததும் அவரை அறிந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அண்ணாச்சி மண்டியிட்டுக் குனிந்தார். மீசை அசைந்தது. நிமிர்ந்தார்.

“சொல்லியாச்சா?” என்றார் அத்தை.

“சொன்னேன்.”

“ஒண்ணும் கேக்கலியே!”

“பிள்ள ஒறங்குதுல்லா” என்றார் அவர், மூச்சை விடச் சன்னமான குரலில். மறுபடி குனிந்தார். மறுபடி மீசை மட்டும்தான்.

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன அண்ணாச்சி முணுமுணுக்கிய? தாணுன்னு சத்தமாச் சொல்லுங்களேன்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். வீடே சிரிப்பில் அதிர, குழந்தை கண்ணைத் திறந்து அத்தையின் முகத்தைப் பார்த்தான். அத்தை சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெற்றிலையைச் சரியாக வைத்து, மூன்றாவது தடவையைத் தானே சொன்னார்.

இப்போது அவன் நடக்கிறான். “தாணு, செருப்பக் கடிக்காத! தாணு, எறங்கு!” என்று அத்தை நாள் முழுக்க விளிக்கிறார். இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து விளிக்கிறார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் வீட்டு வாசலில் அண்ணாச்சி மற்றப் பிள்ளைகளையெல்லாம் இன்னும் கத்தித்தான் கூப்பிடுகிறார்; நாய் இன்னும் பின்கட்டுக்குத்தான் போகிறது. என் மகனின் முறை வந்தால் மட்டும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பெஞ்சு வரை வருகிறார். குனிந்து, அவன் கைக்கு மீசையைக் கொடுத்துவிட்டு, காதோரம் பெயரைச் சொல்கிறார். அவர் வந்து சேர்வதற்குள் வேறு யாராவது உள்ளே புகுந்துவிடுகிறார்கள். புகுந்துகொள்ளட்டும். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.