அத்தான் அறையில் மழைநீர்த் தொட்டி

உலக நாடுகள் மாநாடு கூட்டி மண்டையை உடைத்துக்கொள்ளும் ‘நிலைத்த வளர்ச்சி’யை என் அக்கா வீடு சத்தமில்லாமல் சாதித்துவிட்டது. அந்தச் சாதனைக்குத் தலைமை தாங்கியவன் அடியேன். அத்தான் வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். அவர் பங்கு அவ்வளவுதான்.

மாடியில் சூரியத் தகடு, கொல்லையில் உரக்குழி, வாசலில் வாட்ச்மேன். ‘முன்மாதிரி வீடு’ சான்றிதழ் வழங்க அதிகாரியே நேரில் வந்திருந்தார். அக்கா பேங்குக்குப் போயிருந்ததால் நானே சுற்றிக் காட்டினேன்.

“தண்ணிக்கு என்ன ஏற்பாடு?”

“அத்தான் ரூமை இடிச்சு மழைநீர்த் தொட்டி கட்டிட்டோம் சார்.”

“அவரு வந்தா எங்க படுப்பாரு?”

“வந்தாத்தானே சார்.”

அதிகாரி நெகிழ்ந்துபோனார். “வீட்டுக்கு வளம் அவருதான். தீந்துபோற வளமா? அதைத்தான் முக்கியமாப் பாப்போம்.”

“ஏழு வருஷமா எடுக்கறோம் சார். தீரவேயில்லை.”

அப்போது வாட்ச்மேன் வந்து என் காதைக் கடித்தார். “கேட்டுல ஒருத்தர் பெட்டியோட நிக்கிறாரு சார். இது தன் வீடுங்கறாரு. ஓனர் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்.”

அவருக்குச் சம்பளம் அத்தான் பணத்தில். அந்த விசுவாசத்தில்தான் அத்தானை உள்ளே விடவில்லை. கடமை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஓடினேன். அத்தானேதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

“இடுப்பு போயிடுச்சு மாப்ள. இனிமே அங்க வேலை பாக்க முடியாது. வந்துட்டேன்.”

சட்டென்று உள்ளே எட்டிப் பார்த்தேன். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

“மெதுவாப் பேசுங்க அத்தான். வளம் தீந்துபோச்சுன்னு எழுதிடப் போறாரு. கையெழுத்து ஆகட்டும், அதுவரைக்கும் வெளியவே நில்லுங்க.”

மனிதர் தங்கம். “சரி மாப்ள. பாப்பாவ மட்டும் இப்படி வரச் சொல்லு” என்றார். அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்த பெண்.

“யாருங்க அது?” என்றார் அதிகாரி.

“வழி கேக்கறாரு சார்.”

கையெழுத்து விழுந்தது. நான் சான்றிதழை இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

திரும்பிப் பார்த்தால், பாப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பாவும் உங்கள மாதிரியேதான் இருப்பாரு. ஆனா அவரு போனுக்குள்ள இருக்காரு. வெளிய வரட்டுமா, வரட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. மாமாதான் அங்கேயே இருங்கன்னு சொல்லிடுவாரு.”