ஆலைத் தூசி அமுதமான கதை

பெருமதிப்பிற்குரிய அக்கா ஓய்நிசாவுக்கு,

நமங்கானிலிருந்து உங்கள் தம்பி தாஜிபாய் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு நாங்களும் பசுவும் சுகம். அங்கு அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என் மகள் மவ்லூதாவைப் பெண் பார்க்க ஞாயிறன்று வந்தார்கள். பையன் பெயர் ஒலிம்ஜான், ரசாயனம் படித்தவன், பருத்தித் தொழிற்சாலையில் வேலை என்றதுமே எனக்கு வேர்த்துவிட்டது. பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின்னிங் ஆலையில் முப்பத்தொரு வருடம் பஞ்சைத் தின்று, பஞ்சைத் தும்மி, ஓய்வு பெற்ற அன்று இனி என் வாசலில் பருத்தி நுழையாது என்று சபதம் செய்தவன் அல்லவா நான்? ஆகவே முற்றத்தில் புலாவ் கிளறிக்கொண்டே, அவனோடு வந்த அவன் மாமா காதுபடச் சொல்லிவிட்டேன்: "கோவிச்சுக்காதீங்க, பருத்திக்காரனுக்குப் பொண்ணு கொடுக்கறதா இல்ல. இந்த வீட்ல பருத்திக்கே இடமில்ல."

பையன் கோபப்படவில்லை. அடுப்பைப் பார்த்தான். "மாமா, எரியறது பருத்திக் குச்சிதானே?" என்றான். விறகு விற்கிற விலைக்கு வேறு எதை எரிப்பது? "எண்ணெய் சூரியகாந்தி தம்பி!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி ஹுரியத் சன்னலில் தலையை நீட்டி, "ஆமா, உங்க சூரியகாந்தியில புலாவ் செஞ்சா கஷாயம் மாதிரி இருக்கும். நான் காலைலயே பருத்திக்கொட்டை எண்ணெய் மாத்தி வெச்சுட்டேன்" என்றாள். பிறகு ரொட்டியோடு பாலாடை வந்தது. பசு தின்பது பருத்திப் பிண்ணாக்கு என்பதை அவனுக்குச் சொல்லவா வேண்டும்? கௌரவத்தைக் காப்பாற்ற, கடையில் வாங்கிய ஐஸ்கிரீமைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துச் சிரித்தான். "இது உருகாம கெட்டியா நிக்குதே, அதுக்கு ஒரு மாவு சேர்ப்பாங்க மாமா. அதை நாங்க பருத்தியிலதான் செய்யறோம்."

"பஞ்சிலயா? ஐஸ்கிரீமா?"

"பஞ்சுல இல்ல. விதைமேல ஒட்டியிருக்குமே குட்டைப் பூம்பஞ்சு, அதுல. உங்க சட்டைப்பையில இருக்கற பண நோட்டு, அத்தையோட நகப்பூச்சு, பட்டாளத்துத் துப்பாக்கி மருந்து, எல்லாத்துக்கும் அதுதான்."

அக்கா, என் கையிலிருந்த கரண்டி நழுவியது. அந்தப் பூம்பஞ்சை எனக்குத் தெரியாதா? சாயங்காலமானால் மீசையிலிருந்து தட்டி, காதிலிருந்து நோண்டி, சனியனே என்று திட்டிக் குழாயடியில் கழுவிவிட்ட தூசி! துப்பாக்கி மருந்தை மீசையில் வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் சிகரெட் பிடித்திருக்கிறேன். வயலில் முளைக்கிற ஒரு செடி, ஆண்டவன் அதற்குள் என்னென்ன வைத்து மூடியிருக்கிறான்! கண் கலங்கிவிட்டது. இருட்டும்வரை அவனை எழவிடாமல் கேள்வி கேட்டேன், சம்பந்தத்துக்கும் அங்கேயே சம்மதித்துவிட்டேன். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து கல்யாணச் சீருக்குப் பஞ்சு மெத்தைகள் தைக்கத் தொடங்குங்கள்.

அத்தானுக்கு என் சலாம், குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் அடுப்பு அணையாமலும், வாசல் விருந்தினரால் நிறைந்தும் இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
தாஜிபாய்

பின்குறிப்பு: புறப்பட வேண்டாம். கடிதத்தை ஒட்டும்போது மவ்லூதா வந்து, "மூணு மணி நேரம் பேசினாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாராப்பா? அவருக்குப் பிடிச்சது உங்களைத்தான். நீங்களே கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். ஆனால், வியாழக்கிழமை தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதாக அவன் என்னை அழைத்திருக்கிறான். இவளுக்குத் தெரியாமல் போய்விட்டு வருகிறேன்.