விமான நிலையத்துக்குக் கடப்பாரையோடு போனவர்

ஆரணியில் ஓவர்சியர் குறை சொல்லாமல் ஒரு செங்கல்கூட எழும்பியதில்லை. உத்தியோகத்தில் ஓவர்சியர் அல்ல, பட்டு நெசவாளி. ஊர் வேலையையெல்லாம் மேற்பார்வை பார்த்ததால் தெரு கொடுத்த பட்டம் அது. சாவு வீட்டில்கூட, “இந்த முடிச்சு தாங்காது, அவுத்துடு” என்று பாடையை அவிழ்க்க வைத்தவர். பிணத்துக்கு மட்டும்தான் யோசனை சொன்னதில்லை.

நெசவைப் பெருமைப்படுத்த ஒரு விமான நிலையத்தில் ஆரணித் தறியை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த பட்டுக்கடைக்கு அந்தப் பொறுப்பு வந்தது. தறியில் உட்கார ஒரு ஃபைபர் சிலை. அதற்கு ஓவர்சியரின் போட்டோவை அனுப்பினேன். தறி பூட்டவும் அவரையே கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி வந்தவாசி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சிலையின் போட்டோவுக்காகத் தெருவே காத்திருந்தது.

விமான நிலைய வாசலிலேயே காவலர் நிறுத்தினார். ஓவர்சியர் கையில் கடப்பாரை.

“இது எதுக்குய்யா?”

“குழி தோண்டத்தான். பின்ன பல்லு குத்தவா?”

எங்கள் ஊர்த் தறிக்குக் குழி வேண்டும். நெய்கிறவர் அதில் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பார். அதற்காகக் கிரானைட் தரையைத் தோண்ட விடுவார்களா? இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். “தறின்னா மொதல்ல குழி. சும்மா பேஜார் பண்ணிகினு இருக்கானுங்க” என்று காவலர் காதுபடவே ஓவர்சியர் முணுமுணுத்தார்.

கடைசியில் அங்கிருந்த அதிகாரி அம்மாள், நடுவே குழிவிட்டு ஒரு மரமேடை போட்டுக் கொடுத்தார். ஆசாரிகள் அடித்த ஆணி ஒவ்வொன்றையும் ஓவர்சியர் தட்டிப் பார்த்தார். தறி கம்பீரமாக நின்றது.

பிறகு சிலையைப் பிரித்தார்கள். மூக்கோர மச்சம் உட்பட அவரேதான். மனிதர் அந்த மச்சத்தைத் தடவினார். அப்புறம் மெல்லக் கீழே பார்த்தார்.

“மேடம், இன்னா இது? சம்மணம் போட்டு ஒக்காந்துகினு இருக்குது?”

சமதரை என்று நினைத்துச் செய்த சிலை. தூக்கி வைத்தால் குழியையே மூடிக்கொண்டது.

“பார்க்கிறவங்களுக்குத் தெரியாதுங்க, பெரியவரே.”

“எங்க ஊருக்காரன் பாத்தா காறித் துப்புவான். கால மேல வெச்சிகினு எவன் மிதிக்கிறது?”

“காலையில திறப்பு விழா. வேற செய்ய முடியாது. வேண்டாம்னா எடுத்துடறோம்.”

நான் அவர் காதைக் கடித்தேன். “அண்ணா, கம்முனு இருங்க. தெருவே காத்துகினு இருக்குது.”

சிலையிலிருந்த தன் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். “எடுத்துடுங்க” என்றார். செல்போனை எடுத்த என்னையும் தடுத்தார். “தப்பா இருக்கறதப் போட்டோ புடிக்காத தம்பி.”

தெருவில் விஷயத்தைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. “செலையே செஞ்சிருக்க மாட்டானுங்க. இவரு மூஞ்சிய இவரே வேணாம்பாராமா?” என்று சிரித்தார்கள். நான் சத்தியம் செய்தேன். எனக்கும் அதே சிரிப்புதான் கிடைத்தது. அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

இப்போது அவர் இல்லை. பத்திரிகையில் வந்தால்தான் எங்கள் தெரு நம்பும் என்பதால் எழுதுகிறேன். சிலை செய்தார்கள். அச்சு அசல் அவரேதான். “எடுத்துடுங்க” என்று சொன்னபோது அவர் கண் கலங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தத் தொல்லை பிடித்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.