குங்குமம் வைத்த பிஸ்டன் ரிங்

எனக்கும் கோபம் வரும். ஆனால் அது வயிற்றிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேர்வதற்குள், "நாம்தான் ஏதாவது தப்பு செய்திருப்போமோ?" என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு பட்டறை முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கப் போனேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் சாலையில், வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு மாவு மில் இருந்தது. அதன் ஆயில் எஞ்சினை அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் பிரித்துச் சரிபார்த்து, புது ரிங் போட்டதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் அது இருமியது, புகை கக்கியது, நின்றுவிட்டது. என் கணவர் பிரித்துப் பார்த்தார். பிஸ்டனில் இருந்தது எங்கள் பழைய ரிங்கேதான், இரண்டு துண்டாக.

தீபாவளிக்கு மூன்று வாரம். ஊரே முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைக்கும் காலம். அந்த வரும்படியை நம்பித்தான் எங்கள் மீதி வருஷம் ஓடும். இந்த நேரம் பார்த்து அவர் டைபாய்டில் படுத்துவிட்டார்.

"நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதானே? எழுதி எடுத்துட்டுப் போ. புது ரிங் போட்டுத் தரணும், மில்லு நின்ன நாளுக்கு நஷ்டஈடும் தரணும்."

"நாளைக்கு ஆயுத பூஜைங்க."

"அதான் நல்லது. அன்னிக்குத்தான் அந்த ஆள் பட்டறையிலே இருப்பார்."

மனுவை எட்டு முறை எழுதினேன். முதல் பிரதியில் 'மோசடி' என்று இருந்தது. மூன்றாவதில் அது 'கவனக்குறைவு' ஆயிற்று. எட்டாவது பிரதி 'தங்களுக்கு இருக்கும் வேலைப் பளுவில்' என்று தொடங்கி, 'இங்ஙனம், கீழ்ப்படிதலுள்ள' என்று முடிந்தது. (பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது லீவு லெட்டர் ஒன்றுதான்!)

ரிங் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, பத்து மாதப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, காந்தி மார்க்கெட்டில் பஸ் மாறினேன். வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை. பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பட்டறை வாசலில் வாழைக்கன்று. கடைசல் எந்திரத்துக்கு மாலை. முதலாளி புது வேட்டியில் ஓடி வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! பூஜை நேரத்துக்குக் கைக்குழந்தையோட சுமங்கலி வந்திருக்கீங்க! வேற என்ன வேணும்?"

"நான் வந்து... ஒரு கடுதாசி..."

வாங்கினார். கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தார். "காகிதம்னா சரஸ்வதி. இன்னிக்குப் படிக்கக் கூடாதும்மா." பொட்டலத்தைப் பிரித்தார். "இரும்புன்னா ஆயுதம்." ஸ்பேனர்களுக்கு நடுவே ரிங் துண்டுகளை வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார்.

"அது சாட்சிங்க" என்றேன். மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அசைக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். நானும் பக்தியோடு என் சாட்சிக்கே ஆரத்தி காட்டினேன்.

மூலையில் நின்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "எனக்கு லால்குடிம்மா. தண்ணி இறைக்கிற எஞ்சின், வாசல்ல வண்டியிலே இருக்கு. இங்கே விடலாமான்னு ஒரே யோசனை. வேலை எப்படி?"

எதிரே முதலாளி பொரித் தட்டோடு நிற்கிறார். என் நெற்றியில் அவர் பட்டறைக் குங்குமம். என் பெண் வாயில் அவர் கொடுத்த வெல்லக்கட்டி.

"நல்லா... செய்வாங்க."

"புது சாமான் போடுவாங்களா?"

"போடுவாங்க" என்றேன். பெரியவர் நிம்மதியாக எஞ்சினை இறக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். "என்ன கொடுத்தான்?" என்றார் கணவர்.

"பொரி."

"மனு?"

"பூஜையிலே இருக்கு."

"ரிங்?"

"அதுவும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லால்குடி விஷயத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் விஜயதசமி. மில் வாசலில் முதலாளி ஒரு ஃபிட்டரோடு வந்து இறங்கினார். கையில் குங்குமம் கலையாத என் ரிங் துண்டுகள்.

"காலையிலே பூஜை முடிச்சு முதல்ல கையிலே எடுத்தது உங்க கடுதாசிம்மா. ஆளுங்க எல்லாரும் கேட்கச் சத்தமா படிச்சுட்டேன். நஷ்டஈடு கேக்குறீங்களா, மன்னிப்பு கேக்குறீங்களான்னே புரியலே. அப்புறம் ரிங்கை எடுத்துப் பார்த்தேன்." தலையைச் சொறிந்தார். "பழசுதான். கும்பிட்டுட்டேனே, இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

புது ரிங் போட்டார்கள். நின்ற நாளுக்கு ஈடாக, வாங்கிய கூலி முழுவதையும் வெற்றிலையில் வைத்து நீட்டினார். மாலைக்குள் மில் ஓடியது. என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"லால்குடிக்காரர் எஞ்சினுக்கும் புதுசுதானே போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

முதலாளி ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் தரையைப் பார்த்தான்.

"போட்டுடுவோம்மா" என்றார் முதலாளி.

அந்தப் பெரியவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதவை யாராவது கொஞ்சம் பலமாகத் தட்டினால் போதும். வெல்லக்கட்டி தின்ற என் பெண், அவளே இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"அம்மா, லால்குடிக்காரர் வந்துட்டாரு!"

அவள் சிரிப்பாள். நான் முதலில் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன்.